முழங்கால் என்று எழுதினேன்

மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று நினைவில்லை. அங்கேதான் அது முதன்முதலாக வாய்விட்டு வந்தது. சடையன் செத்ததற்குக் காரணம் நான்.

கேட்க ஆளில்லை. சாலையோரச் சுவரில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவை எழுந்து போய்விட்டன. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது இடையில் நிறுத்தி, “அது உன் தப்பில்லை” என்று சொல்லாமல் கேளுங்கள்! அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் செய்தது இதுதான். ஒரு பலா மரத்தில், என் தோளுயரத்தில் இருந்த பழைய தழும்பைக் கையால் தடவிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தாளில் ‘முழங்கால் உயரம்’ என்று எழுதினேன். அந்த எழுத்தை நம்பி ஓடையின் குறுக்கே ஒரு சுவர் கட்டினார்கள். அந்தச் சுவரை நம்பி ஒரு மனிதன் அதன் கீழே மாட்டைக் கட்டினான்...

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் உங்களிடம் வந்திருக்கமாட்டேன். இதற்கு மேலும் ஒன்று செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லத் தைரியம் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி, கேரளத்தில் ரப்பர்த் தோட்டம். சில இடங்களில் சோறு கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருள் என் கையெழுத்து. அச்சடித்தது போல இருக்கும். அதைப் பார்த்துத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம், ஓடைகளை அளக்க ஒரு குழு வந்திருந்தது. குழுவுக்குத் தலைவி ஒரு பெண் பொறியாளர். எல்லோரும் மேடம் என்போம். கருவி தூக்க இரண்டு பேர். மரத்துக்கு மரம் ஏறி இறங்கி அளந்து எழுத நான். மார்கழிக் குளிர். காலில் அட்டை, தலையில் பனி.

முதல் நாளே மேடம் என்னை உட்கார வைத்துச் சொன்னார். “ஓடையில வெள்ளம் வர்றது வேற. நாம பாக்க வந்தது வேற. மேல சரிவு இளகி, கல்லு, மண்ணு, வேரோட மரம் எல்லாம் கொழைச்ச கான்கிரீட் மாதிரி ஒண்ணா எறங்கி வரும். பெரிய கல்லு எல்லாத்துக்கும் முன்னால வரும். அது தண்ணி மாதிரி ஒதுங்கிப் போகாது.”

“அது எவ்வளவு ஒசரம் வரும்னு எப்படிங்க தெரியும்?”

“வந்தப்ப நாம இல்ல. மரம் இருந்திருக்கும். கல்லு இடிச்ச இடத்துல பட்டை உரிஞ்சு, ஆறித் தழும்பாயிருக்கும். மேட்டுப் பக்கமா பாருங்க. எவ்வளவு உயரத்துல தழும்பு இருக்கோ அதை வெச்சுத்தான் நான் சுவருக்குக் கணக்குப் போடுவேன். இளசு மரத்தைப் பாத்து ஏமாந்துராதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. வயசான மரத்தைப் பாருங்க.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

பாவாயியும் சடையனும் அந்த ஓடையை ஒட்டிக் குடியிருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரே மகளைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, மற்றதெல்லாம் மிளகு. ஓடைக்கரை நெடுக அவர்கள் நட்ட இளைய சில்வர் ஓக் மரங்கள். நடுவே இரண்டு பெரிய பலா. அவை அவர்கள் காலத்துக்கு முந்தியவை. எல்லா மரத்திலும் மிளகுக்கொடி ஏறி, அடிமரமே தெரியாமல் போர்த்தியிருந்தது.

நான் நாடாவோடு நின்றதைப் பார்த்துச் சடையன் கேட்டார். “ஏனுங்க, மரத்துக்கெல்லாம் அளவு எடுக்கறீங்க? சட்டை தெச்சுக் குடுக்கப் போறீங்களா?”

நான் சுவரைப் பற்றி விளக்கினேன். மரத்தில் தழும்பு எதுவரைக்கும் இருக்கிறதோ அதுவரைக்கும் சுவர் வேண்டும், இடையிடையே சந்து விட்டுக் கட்டுவார்கள், தண்ணீர் சந்தில் போய்விடும், கல்லும் மரமும் தங்கிவிடும், ஏறக்குறையச் சீப்பு மாதிரி.

பாவாயிக்குச் சிரிப்புத் தாளவில்லை. “கேட்டீங்களா? ஓடைக்குத் தலை வாரி உடப் போறாங்களாமா! அப்பறம் பூவும் வெச்சு உடுங்க சாமி!”

நான்கு நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். மரவள்ளிக் கிழங்கு குவித்திருந்த அறையில் படுத்துக்கொண்டேன். நான் அவளை அக்கா என்றேன், அவரை மாமா என்றேன். அவள் என்னைச் சாமி என்றாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது.

பலா மரத்தில் நான் கைவைக்கப் போனபோதுதான் அவள் ஓடி வந்தாள்.

“சாமி, கொடியைத் தொடாத! மொதச் சரம் பறிச்சுக் குலசாமிக்கு வெக்கற வரைக்கும் வெளியாளு கை படக்கூடாது. எங்க ஊட்டு வழக்கம்.”

“பட்டையை மட்டும் பாத்துட்டு உட்டுர்றேனுங்கக்கா.”

“பட்டையைப் பாக்கோணும்னா கொடியை வலிக்கோணும். வலிச்சா காய் பூராம் உதுந்து போயிரும். வருசம் பூராம் இதைய நம்பித்தான கெடக்கறோம்? பறிப்பு முடிஞ்சதுக்கப்பறம் வா. நானே வலிச்சுக் காட்டறேன்.”

நியாயமான பேச்சு. பறிப்பு முடிந்ததும் நான் திரும்பி வந்திருக்கலாம். கேளுங்கள், மேடம் கொடுத்த படிவத்தில் ‘பார்க்க இயலவில்லை’ என்று குறிக்க ஒரு கட்டமே இருந்தது! அதில் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். ஒரே ஒரு கோடு...

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் கொடியை இழுக்கவில்லை. இலைகளுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லக் கையை நுழைத்தேன். ஒரு சரமும் உதிரவில்லை. சொரசொரப்பான பட்டை வந்தது, வந்தது, திடீரென்று நின்றது. வழவழப்பான குழி. சுற்றிலும் தடித்துப் போன விளிம்பு. விரலை மேலே கொண்டுபோனேன். என் தோளுக்கு நேரே வந்துதான் குழி முடிந்தது. இரண்டாவது பலாவிலும் பார்த்தேன். அதே உயரம், அதே மேட்டுப் பக்கம்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் விரல் நுனிக்குத் தெரியும்.

பிறகு ஏன்? இதைத்தான் வளைவுக்கு வளைவு என்னையே கேட்டுக்கொண்டு நடந்தேன்.

அன்று மாலை சாப்பிடும்போது சடையன் கேட்டார். “செவுரு எங்க நெலத்துக்குள்ளாற வருமுங்களா? பெருசாக் கட்டுனா ரெண்டு பக்கமும் நீட்டுவாங்கன்னு அந்தக் கருவிக்காரரு சொன்னாரு. ரெண்டு வரிசை மரம் போயிருமாமே?”

“வராதுங்க மாமா. சின்னச் செவுருதான்.”

என் வாயிலிருந்து வந்துவிட்டது. அளவு என்னிடம் இருந்தது, அது பெரிய சுவரைக் கேட்கும் அளவு என்றும் தெரிந்திருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. சடையன் பாவாயியைப் பார்த்தார். பாவாயி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். என் சொல்லால் ஒரு வீட்டில் முகம் தெளிந்து எத்தனை வருடமாயிற்று! தெளிந்த முகத்தை மறுபடி கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரக்கமா அது? நல்லவன் என்று பேர் வாங்கும் பேராசை. அவ்வளவுதான்.

சொன்ன பொய்யை மெய்யாக்க எழுதினேன். சில்வர் ஓக் மரங்களில் சேறு படிந்த அடையாளம் முழங்கால் உயரத்தில் இருந்தது. பலாவுக்கும் அதையே எழுதினேன். என் அழகான கையெழுத்தில்.

மேடம் தாளைப் பார்த்தார். “பெரிய மரம் ரெண்டும் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க மேடம்.”

“கொடிக்குள்ள கைவிட்டு?”

“கைவிட்டுத்தாங்க.”

அவருக்கு அன்றே அடுத்த ஓடைக்குப் போக வேண்டியிருந்தது. போய்விட்டார். எனக்கு அந்த வாரத்தோடு வேலை முடிந்தது. நானும் போய்விட்டேன்.

அடுத்த கோடையில் சுவர் எழுந்தது. முதல் மழைக்காலத்தில் கொஞ்சம் கல்லும் சுள்ளியும் வந்து சந்துகளில் நின்றனவாம். ஊரே போய்ப் பார்த்து மெச்சியதாம். அந்தத் தைரியத்தில் சடையன், மேட்டில் இருந்த மாட்டுக்கொட்டகையைப் பிரித்து, சுவருக்குக் கீழே இருந்த சமதளத்தில் போட்டார். தண்ணீர் பக்கம், நிழல் பக்கம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதற்கு அடுத்த ஐப்பசி. நான் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இருந்தேன். டீக்கடையில் மலைக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம் மேலே ஏதோ உறுமும் சத்தம். சடையன் மாட்டை அவிழ்க்க ஓடியிருக்கிறார். சுவர் உடையவில்லை. நின்ற இடத்தில் நின்றது. மலை அதன் தலைக்கு மேலே ஏறி இறங்கியது.

“மாடு கயித்தை அத்துக்கிட்டுத் தப்பிச்சிருச்சுங்க. மனுசன் மாட்டிக்கிட்டாரு” என்றார் அவர்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக அன்று எங்களை ஓடை அளக்க அனுப்பிய அலுவலகத்துக்குப் போனேன். மேடம் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது.

“அறிக்கை போயாச்சுங்க. எதிர்பார்த்ததை விட மழை அதிகம், அதனால நடந்ததுன்னு முடிச்சாச்சு.”

“மழை இல்லீங்க சார். நான் அளவைத் தப்பா எழுதுனேன். தெரிஞ்சே எழுதுனேன்.”

“நீங்க யாரு இதுல? தினக்கூலிதான? உங்க பேரே இதுல எங்கயும் இல்லையே.” புரட்டிக்கூடக் காட்டினார். “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. டீ சாப்பிடறீங்களா?”

நான் கத்தினேன். எழுதித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன்! காவலாளி என் தோளில் கைபோட்டு, மிகவும் மரியாதையாக, வாசல் வரை கொண்டுவந்து விட்டார். “சாவு ஊடுன்னா இப்படித்தாங்க இருக்கும். போய்ப் படுங்க” என்றார். என்னைச் செத்தவரின் தம்பி என்று நினைத்துவிட்டார்.

சரி, வாங்கிக்கொள்ள வேண்டியவள் ஒருத்தி மலையில் இருக்கிறாள், அவளிடம் கொடுத்துவிடலாம் என்று, கார்த்திகை பிறந்ததும் ஏறினேன். பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ‘அக்கா, அன்றைக்கே கைவிட்டுப் பார்த்தேன். தோளுயரம் இருந்தது. மாற்றி எழுதினேன்.’ மூன்றே வாக்கியம்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. அடிமரம் அடிமரமாகத் தெரிந்தது. தரையெல்லாம் மிளகுக்கொடி, பச்சைச் சரத்தோடு வாடிக் கிடந்தது. பறிப்புக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. பாவாயி, கையில் அரிவாளோடு, கடைசி வரிசையில் ஒரு கொடியை இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“பத்து நாளாச்சுங்க” என்றாள் மகள். “ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடறதில்ல. எங்கூட வாம்மான்னா வரமாட்டீங்குது. எல்லா மரத்தையும் பாக்கோணும், எல்லா மரத்தையும் பாக்கோணும்னு அதையே சொல்லிக்கிட்டு... நீங்களாவது சொல்லுங்க.”

பாவாயி என்னைப் பார்த்தாள். அரிவாளைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பலா மரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழைய தழும்பு. அதற்கு மேலே, ஈரம் காயாமல், புதுக் காயம்.

“பாரு சாமி. உன்ற தோளு வரைக்கும் இருக்குது. நீ அன்னைக்கு என்ன சொன்ன? தழும்பு எதுவரைக்கும் இருக்குதோ அதுவரைக்கும் செவுரு வேணும்னு சொன்னயில்ல? நாந்தான் பாக்க உடல. கொடியைத் தொடாதன்னேன். நீ பாத்திருந்தா எழுதியிருப்ப. எழுதியிருந்தா செவுரு ஒசரமா வந்திருக்கும். நாலு மூட்டை மொளகுக்குப் பாத்துக்கிட்டு மனுசனை அனுப்பி வெச்சிட்டேன் சாமி!”

நான் நினைத்துக்கூடப் பார்க்காத இடம் அது. என் பழி இத்தனை நாளும் போக இடமில்லாமல் அலையவில்லை. அவள் வீட்டில்தான் போய் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவள் தின்றுகொண்டிருந்தாள், சோற்றுக்குப் பதிலாக.

“அக்கா, நான் அன்னைக்கு...”

“சொல்லு சாமி.”

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அவள் கையில் அரிவாள் இல்லை. அருகில் ஆண்கள் யாரும் இல்லை. யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். அடித்திருந்தாலும் எனக்கு அடி புதிதல்ல. சொல்லாமல் போக ஒரு காரணமும் இல்லை! அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் சோறு போட்ட அதே முகம். அது மாறப்போவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை...

“நீங்க என்ன பண்ணுவீங்கக்கா. தெரியாமப் பண்ணுனதுதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

இதுதான் இரண்டாவது. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. செய்யாத தப்புக்கு நான் அவளை மன்னித்தேன். நான்! என்னை அலுவலகத்தில் எப்படித் தட்டிக்கொடுத்து அனுப்பினார்களோ, அதே போல அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

அவள் என் இரண்டு கையையும் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “நீ ஒருத்தன்தான் சாமி வந்து கேட்ட. உனக்கு ஒரு கொறையும் வராது.” மகள் எனக்குச் சாமைச் சோறு போட்டாள். தின்றேன். மறுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. தின்றேன். நான் கிளம்பும்போது பாவாயி மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் ஆறுதல் அவளை ஒரு நாழிகைகூட நிறுத்தவில்லை. நான் விழுங்கிய மூன்று வாக்கியங்கள் ஒருவேளை நிறுத்தியிருக்கும்.

அதனால்தான் நடந்தேன். இரண்டு பேருந்துகள் வந்தன, கை காட்டவில்லை. ஒரு வளைவில் திரும்பி மேலே நடந்தேன், சத்தியமாக நடந்தேன், இரண்டு வளைவு ஏறினேன். பிறகு நின்றேன். ‘நாளைக்கு வந்து சொல்லலாம்’ என்று ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்றும் நாளைக்கு வந்ததில்லை. தெரிந்தும் கீழே இறங்கினேன். காளப்பநாயக்கன்பட்டி வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் படுத்துக்கொண்டேன். தூக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்... எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

காலையில் டீக்கடையில் ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். போர்வெல் வண்டி ஏஜெண்ட், சேந்தமங்கலத்து பாய். பக்கத்துத் தோட்டத்தில் வண்டி நிற்கிறது, ஒருவனுக்குக் காய்ச்சல், ஆள் குறைகிறது என்றார். போனேன். கிணறு வற்றிப்போன ஒரு குடும்பம், தாலி கட்டும் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பதைப் போல, வரப்பில் வரிசையாக நின்றிருந்தது.

“எழுதப் படிக்க வருமா?” என்று கேட்டார் பாய்.

“வராதுங்க பாய். தூக்கற வேலை குடுங்க.”

“ராடு தூக்க ஆளு இருக்கறாங்க. எண்ணவாச்சும் தெரியுமில்ல? பக்கத்துலயே நின்னுக்க. ராடு ஒவ்வொண்ணா உள்ள போகப் போக எண்ணிச் சொல்லு. எனக்கு போன் பேசவே நேரம் சரியா இருக்கும். நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டி உறுமத் தொடங்கிவிட்டது. புழுதி கிளம்பியது. நீளமான இரும்பு ராடு, செங்குத்தாக நின்று, அங்குலம் அங்குலமாக மண்ணுக்குள் இறங்கியது. முழுதும் இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இறங்கியபின் குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

“ஒண்ணுங்க பாய்” என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல், என் பக்கம் திரும்பாமல், அவர் எழுதிக்கொண்டார்.